பழைய வழங்கியில் புதிய பைத்தான்: ஒரு தோட்டச் சொற்பட்டியல் கற்றுத்தந்த பாடம்

ஈப்போவிலிருந்து சுங்கை சிப்புட்டுக்குப் போகும் பழைய சாலையில் இப்போது இருபுறமும் செம்பனையும் தாமான் வீடுகளுமே கண்ணில் படும். நான் பிறந்த ரப்பர் தோட்டம் அந்தச் சாலையிலிருந்து சற்று உள்ளே தள்ளி இருந்தது. பால்மரங்கள் போயின. லயங்களும் இடிபட்டன. எங்கள் குடும்பம் ஈப்போ புந்தோங்கிற்குக் குடிபெயர்ந்தது. தோட்டத்திலிருந்து நாங்கள் கொண்டு வந்தவற்றில் இன்னும் பழுதாகாமல் இருப்பது பேச்சு மட்டுமே. பெரட்டு, தீம்பார், மங்கு, காண்டா வாளி, ஒட்டுப்பால், கட்டிப்பால், ஆயாக்கொட்டகை, கிராணி என்று என் அப்பா இன்றும் பேசுவார். புந்தோங்கில் பிறந்த என் தம்பி பிள்ளைகளுக்கு அவற்றில் பாதி புரியாது.

இந்தச் சொற்களைத் திரட்டிப் பொருளோடு இணையத்தில் வைப்போம் என்று நம் மொழிக்கழகத்தின் முன்னாள், இந்நாள் உறுப்பினர்கள் சிலர் சேர்ந்து முடிவு செய்தோம். மாதம் சில ரிங்கிட் வாடகையில் ஒரு மேகக் கணினி வழங்கி. அதில் உபுந்து 20.04 லினக்ஸ். பைத்தான் மொழியில் எழுதிய சிறிய தேடல் நிரல். சுமார் 600 சொற்கள். அவ்வளவுதான் எங்கள் முதல். அந்த 600 சொற்களையும் 2024 பிப்ரவரியில் ஒரு மாலைப் பொழுதில் நான் ஏறக்குறைய அழித்துவிட்டேன். பைத்தானின் புதிய பதிப்பை அந்த வழங்கியில் நிறுவப் போய் நடந்த வினை அது. கணினித் துறையில் பயிலும் மாணவர்களுக்கும், மொழித் துறையில் பயின்றாலும் இத்தகைய முயற்சிகளில் கைவைக்க நினைப்பவர்களுக்கும் அந்த அனுபவம் உதவும் என்பதால் இதை எழுதுகிறேன்.

புதிய பதிப்பு எதற்கு?

பைத்தானில் 3.9 முதற்கொண்டு ஆண்டுக்கொரு புதிய பதிப்பு அக்டோபர் மாதத்தில் வெளிவருகிறது. ஒவ்வொரு பதிப்புக்கும் சுமார் ஐந்தாண்டுகள் பாதுகாப்புத் திருத்தங்கள் கிடைக்கும். உபுந்து 20.04 தன்னோடு கொண்டு வந்தது பைத்தான் 3.8. அது 2019-இல் வெளிவந்தது. 2024 அக்டோபரோடு அதன் ஆயுள் முடிந்தது. எனவே, மாற்றம் எப்படியும் தேவைதான். எங்களை அவசரப்படுத்தியது வேறொன்று.

இரண்டாம் ஆண்டு மாணவர் ஒருவர் தேடல் நிரலைத் திருத்தி எழுதிக் கொடுத்தார். அவருடைய மடிக்கணினியில் இருந்தது பைத்தான் 3.12. அங்கே அழகாக ஓடிய நிரல், வழங்கியில் ஏற்றியதும் முதல் வரியைக்கூட நிறைவேற்றாமல் நின்றது. "அண்ணே, என் கணினியில ஓடுது, அங்க ஓடலண்ணே" என்று புலனத்தில் செய்தி. காரணம் எளியது. 'மேட்ச்' என்னும் கூற்றை அவர் பயன்படுத்தியிருந்தார். அது 2021 அக்டோபரில், 3.10 பதிப்பில் அறிமுகமானது. 3.8-க்கு அப்படியொரு கூற்று இருப்பதே தெரியாது. தொடரிலக்கணப் பிழை என்று சொல்லிவிட்டது. மொழிக்கழகத்துக்காரர்களிடமே இலக்கணப் பிழை காட்டுகிறதே என்று சிரித்தோம். அந்தக் கூற்றை நீக்கிப் பழைய முறையில் நான்கு வரி எழுதியிருந்தால் அன்றே வேலை முடிந்திருக்கும். அதைச் செய்யாமல், "பதிப்பையே உயர்த்திவிடுவோம், தம்பி" என்று நான் பெருமையாகச் சொன்னேன்.

தமிழோடு பழகும் நிரல்களுக்குப் பைத்தானின் பதிப்பு எவ்வளவு முக்கியம் என்பதற்குப் பழைய கதை ஒன்றுண்டு. 2020 ஜனவரி முதல் நாளோடு ஆதரவு நிறுத்தப்பட்ட பைத்தான் 2.7-இல் 'தமிழ்' என்று யூ.டி.எஃப்-8 குறியாக்கத்தில் எழுதி அதன் நீளம் எவ்வளவு என்று கேட்டால் 15 என்று பதில் வரும். அது எண்ணுவது எழுத்துகளை அல்ல, பைட்டுகளை. 2008 டிசம்பரில் வந்த 3.0 பதிப்பிலிருந்து சரங்கள் யாவும் யூனிகோடு ஆகிவிட்டன. இப்போது கேட்டால் 5 என்று வரும்: த, ம, இகரக் குறி, ழ, புள்ளி. நாம் எண்ணினால் 3. பதினைந்திலிருந்து ஐந்துக்கு வந்ததே பெரிய முன்னேற்றம்தான். ஐந்திலிருந்து மூன்றுக்கு வர நாமே வழி செய்ய வேண்டும். முத்து அண்ணாமலை முதலியோர் உருவாக்கிய 'ஓப்பன்-தமிழ்' என்னும் திறமூல நிரற்கூடம் அதைச் செய்து தருகிறது. எங்கள் நிரலும் அதைத்தான் நம்பியிருந்தது.

நான் செய்த தவறு

பைத்தான் 3.12-ஐ வெளிக் களஞ்சியம் ஒன்றிலிருந்து நிறுவினேன். அதுவரை குற்றமில்லை. பிறகு, 'பைத்தான்3' என்று கட்டளையிட்டால் 3.12 தான் எழ வேண்டும் என்று அந்தப் பொதுப் பெயரைப் புதிய பதிப்பின் பக்கம் திருப்பினேன். திருப்பியதும் உபுந்துவின் பொதி மேலாளரான 'ஆப்ட்' பிழை காட்டத் தொடங்கியது. தனக்கு வேண்டிய கூறு ஒன்று கிடைக்கவில்லை என்றது. இரண்டு பைத்தான்கள் சண்டையிடுகின்றன போலும் என்று நினைத்து, பழையதை நீக்கும்படி கட்டளையிட்டேன். அதோடு சேர்ந்து நீங்கப் போகும் பொதிகளின் பெயர்கள் திரையில் வரிவரியாக ஓடின. தொடரலாமா என்று கேட்டது. படித்துப் பார்க்காமல் 'ஆம்' என்றேன். வழங்கியை மீண்டும் தொடக்கினேன். அது திரும்ப வரவே இல்லை.

இங்கே சற்று நின்று விளக்க வேண்டும். உபுந்துவில் உள்ள பைத்தான் நமக்காக வைக்கப்பட்டது அன்று. இயங்குதளம் தனக்காக வைத்துக்கொண்டது. வழங்கி முதன்முதலில் எழும்போது அதற்குப் பெயரும் சாவியும் கொடுக்கும் 'கிளவுட்-இனிட்', வலையமைப்பை ஒழுங்கு செய்யும் 'நெட்பிளான்', தீயரணைக் கையாளும் 'யூ.எஃப்.டபிள்யூ', பாதுகாப்புத் திருத்தங்களைத் தானாக ஏற்றும் நிரல் ஆகியவை பைத்தானை நம்பி நிற்பவை. ஆப்ட் வேறு மொழியில் எழுதப்பட்டதுதான். ஆனால், அது வேலை முடித்ததும் அழைக்கும் துணை நிரல்கள் சில பைத்தானில் இருக்கின்றன. அவற்றுக்கான இருமக் கூறுகள் 3.8-க்கென்றே தொகுக்கப்பட்டவை. 3.12-இன் கையில் கொடுத்தால் அவை திறக்கா. பழைய பைத்தானை நீக்கியபோது அதை நம்பியிருந்த நெட்பிளானும் கூடவே போயிற்று. மறுதொடக்கத்தில் வலையமைப்பை எழுப்ப ஆளில்லை.

வீட்டுக் கணினியாக இருந்தால் திரைக்கு முன் உட்கார்ந்து சரிசெய்யலாம். மேகக் கணினிக்கு நாம் வழக்கமாகப் போய்ச் சேரும் பாதை வலையமைப்பு. அது அறுந்தால் வழங்கி எங்கோ ஒரு தரவு மையத்தில் நன்றாகவே இயங்கிக்கொண்டிருக்கும். நாம் மட்டும் வெளியே நிற்போம்.

சொற்களுக்கு நகல் இருந்ததா? இருந்தது, ஒரு விரலியில், மூன்று வாரங்களுக்கு முந்தையது. அந்த மூன்று வாரங்களில்தான் சுங்கை சிப்புட்டில் இருக்கும் என் பெரியம்மாவிடம் இரண்டு மாலைகள் உட்கார்ந்து நாற்பது சொற்கள் போலப் பதிவு செய்திருந்தோம். அவருக்குக் காது மந்தம். கேள்வியை உரக்கக் கேட்க வேண்டும். கேட்டதற்கு விடை வராமல் வேறு ஏதோ நினைவுக்கு வரும். அந்த வேறு ஏதோவில்தான் நல்ல சொற்கள் இருக்கும். மறுபடி போய்க் கேட்டால் அதே சொற்கள் வருமென்று யாரும் உறுதி சொல்ல முடியாது.

நல்ல வேளையாக, வாடகை நிறுவனத்தின் கட்டுப்பாட்டுப் பலகையில் வட்டைத் தனியே கழற்றும் வசதி இருந்தது. புதிதாக இன்னொரு வழங்கியை எடுத்து, பழைய வட்டை அதில் இரண்டாம் வட்டாகப் பொருத்தி, தரவுக் கோப்பை நகலெடுத்தேன். விடியற்காலை மூன்று மணி. பெரியம்மாவின் சொற்கள் இருந்தன. அந்த மாணவருக்குச் செய்தி அனுப்பினேன், அவரும் தூங்கியிருக்கவில்லை.

சரியான முறை

மறுவாரம் எல்லாவற்றையும் முதலிலிருந்து செய்தோம். இம்முறை அவர் கட்டளைகளைத் தட்ட, நான் அருகில் உட்கார்ந்து பார்த்தேன்.

முதல் வேலை நகல். வழங்கி முழுவதற்கும் ஒரு நிலைப்படம் எடுக்க வேண்டும்; பெரும்பாலான நிறுவனங்கள் ஓர் அழுத்தலில் இதைச் செய்து தருகின்றன. தரவுத்தளத்துக்குத் தனி நகல் வேண்டும். எங்களுடையது எஸ்.கியூ.லைட் தரவுத்தளம், ஒற்றைக் கோப்பு. நிரல் எழுதிக்கொண்டிருக்கும் வேளையில் அக்கோப்பை வெறுமனே நகலெடுத்தால் பாதி எழுதிய நிலையில் சிக்கிக்கொள்ளக்கூடும். அதற்கென உள்ள காப்புக் கட்டளையைப் பயன்படுத்துவதே முறை. எடுத்த நகலை வேறொரு கணினியில் திறந்து, நமக்குத் தெரிந்த ஒரு சொல்லைத் தேடிப் பார்க்க வேண்டும். திறந்து பார்க்காத நகலை நகல் என்று நான் இப்போது சொல்வதில்லை.

அடுத்தது, எந்த வழியில் நிறுவுவது என்ற தேர்வு. உபுந்துவுக்கு 'டெட்ஸ்நேக்ஸ்' என்னும் களஞ்சியம் உண்டு, விரைவானது, எளிது. ஆனால், உபுந்துவின் பதிப்புக்கு ஆதரவு முடிந்தால் அதற்கான பொதிகளும் அங்கே நின்றுபோகும். 'பைஎன்வ்' என்னும் கருவி பல பதிப்புகளைப் பயனரின் சொந்தக் கோப்புறையிலேயே வைத்துக்கொள்ள உதவும். மடிக்கணினிக்கு அதுவே சிறந்தது என்பது என் கருத்து. மூன்றாவது வழி, மூல நிரலைப் பதிவிறக்கி நாமே தொகுப்பது. நாங்கள் மூன்றாவதைத் தேர்ந்தெடுத்தோம். அவசியம் என்று சொல்ல மாட்டேன். உள்ளே என்ன இருக்கிறது என்று அந்த மாணவர் பார்க்க விரும்பினார்.

தொகுப்பதற்கு முன் சில முன்னேற்பாட்டுப் பொதிகள் தேவை. சி மொழித் தொகுப்பி கட்டாயம் வேண்டும். ஓப்பன் எஸ்.எஸ்.எல்., இசட்லிப், லிப்எஃப்.எஃப்.ஐ., எஸ்.கியூ.லைட் ஆகியவற்றின் உருவாக்கப் பொதிகள் இல்லாவிட்டாலும் பைத்தான் தொகுக்கப்பட்டுவிடும். அதுதான் சூழ்ச்சி. பிழையென்று நிற்காது, சில கூறுகளை உருவாக்க முடியவில்லை என்று கடைசியில் ஒரு சிறு பட்டியலை அச்சிட்டுவிட்டு முடித்துக்கொள்ளும். ஓப்பன் எஸ்.எஸ்.எல். விடுபட்டால் 'பிப்' மூலம் எதையும் பதிவிறக்க முடியாது. நாங்கள் விட்டது எஸ்.கியூ.லைட்டை. எல்லாம் முடிந்து நிரலை ஓட்டியபோதுதான், தரவுத்தளத்தைத் திறக்கும் கூறே இல்லையென்று தெரிந்தது. மறுபடி தொகுத்தோம். ஒரு கிகாபைட் நினைவகம் கொண்ட சிறிய வழங்கியில், உகப்பாக்க விருப்பத்தோடு தொகுப்பதென்றால் நீண்ட நேரமாகும். ஈப்போ வெள்ளைக் காப்பி இரண்டு குவளை தாராளமாகக் குடிக்கலாம். நினைவகம் போதாமல் தொகுப்பி பாதியில் கொல்லப்பட்டால் இடமாற்று நினைவகம் சிறிது ஒதுக்கிக்கொள்ளுங்கள்.

முக்கியமான இடம் இனி வருகிறது. தொகுத்ததை நிறுவ 'மேக் இன்ஸ்டால்', 'மேக் ஆல்ட்இன்ஸ்டால்' என இரு கட்டளைகள் உண்டு. முதலாவது 'பைத்தான்3' என்ற பொதுப் பெயரையும் சேர்த்து நிறுவும். தேடல் பாதையில் அது முன்னால் நிற்பதால், நாம் அறியாமலே பழையதை மறைத்துவிடும். இரண்டாவது 'பைத்தான்3.12' என்ற முழுப் பெயரோடு மட்டும் நிறுவும். நமக்கு வேண்டியது இரண்டாவதே. பொதுப் பெயர் இயங்குதளத்துக்கு, முழுப் பெயர் நமக்கு. இப்படிப் பிரித்துக்கொண்டால் இரண்டும் ஒரே வழங்கியில் எத்தனை ஆண்டுகளானாலும் சண்டையின்றி இருக்கும்.

இதை என் அப்பாவிடம் விளக்க முயன்றபோது, "மறுநடவு மாதிரியா?" என்று கேட்டார். தோட்டத்தில் எல்லாத் தீம்பாரையும் ஒரே நாளில் வெட்டிச் சாய்க்க மாட்டார்கள். ஒரு பகுதியில் பழைய மரங்களை எடுத்துப் புதிய ஒட்டுக் கன்றுகளை நடுவார்கள். அவை பால் கொடுக்கும் பருவம் வர ஐந்தாறு ஆண்டுகள் ஆகும். அதுவரை மற்றத் தீம்பார்களில் பால்வெட்டு நடக்கும். 1877-இல் வந்த கன்றுகளில் ஒன்று மரமாகிக் கோலகங்சார் நில அலுவலகத்தின் முன்னால் இன்னும் நிற்பதையும் அவர் நினைவூட்டினார். அது பால் வெட்டுவதற்காக நிற்கவில்லை என்று நான் சொன்னேன். "யாரும் வெட்டலைல?" என்றார்.

பதிப்பு நிறுவியானதும், நம் நிரலுக்கெனத் தனியாக மெய்நிகர் சூழல் ஒன்றை 3.12-ஐக் கொண்டு உருவாக்க வேண்டும். பைத்தானோடு வரும் 'வென்வ்' போதும். பழைய சூழலின் கோப்புறையை அப்படியே நகலெடுத்து வைப்பது பலர் செய்யும் பிழை. அதனுள் இருக்கும் கூறுகள் சில 3.8-க்கெனத் தொகுக்கப்பட்டவை. எந்தெந்த நிரற்கூடங்கள் என்ற பட்டியலை மட்டும் எடுத்து வந்து, புதிய சூழலில் புதிதாக நிறுவுங்கள். அப்போது சில பழைய நிரற்கூடங்கள் மறுக்கக்கூடும். 3.12-இல் 'டிஸ்ட்யூட்டில்ஸ்' என்னும் கூறு நீக்கப்பட்டுவிட்டதால் அதை நம்பியிருந்தவை விழும். பெரும்பாலும் அவற்றின் புதிய பதிப்பே மருந்து.

2023-க்குப் பின் வந்த உபுந்து, டெபியன் பதிப்புகளில், மெய்நிகர் சூழல் இல்லாமல் பிப் கொண்டு நேரடியாக நிறுவ முயன்றால், இது வெளியிலிருந்து நிருவகிக்கப்படும் சூழல் என்று தடுத்துவிடும். இணையத்தில் தேடினால் அந்தத் தடையை உடைக்கும் கட்டளை முதலில் கிடைக்கும். அதன் பெயரிலேயே 'உடைத்துவிடு' என்ற பொருள் வருகிறது. என்னைப் போன்றவர்களுக்காக வைத்த தடை அது; உடைக்காதீர்கள்.

கடைசியாக, வழங்கி எழும்போது நம் நிரலைத் தொடக்கும் சிஸ்டம்டி சேவைக் கோப்பில், புதிய சூழலின் முழுப் பாதையை எழுத வேண்டும். ஒரே ஒரு வரி. பழைய வரியை அழிக்காமல் குறிப்பாக வைத்திருந்தோம். புதியது சரிவராவிட்டால் அந்த வரிக்குத் திரும்பி, சேவையை மறுபடி தொடக்கினால் போதும்; ஒரு நிமிட வேலை.

தமிழை வைத்துச் சோதித்தல்

நிரல் ஓடுகிறது, பக்கம் திறக்கிறது என்றால் வேலை முடிந்ததாகப் பலர் எழுந்து போய்விடுவார்கள். நம்மைப் போன்றவர்களுக்கு இன்னும் இருக்கிறது.

நாங்கள் மூன்று சோதனைகள் வைத்திருந்தோம். முதலாவது எண்ணிக்கை. 'பெரட்டு' என்ற சொல்லுக்கு யூனிகோடு குறிகள் 7, எழுத்துகள் 4. ஓப்பன்-தமிழ் வழியாகக் கேட்டால் 4 வர வேண்டும். வந்தது.

இரண்டாவது சற்று வேடிக்கையானது. 'தோட்டம்' என்ற சொல் எங்கள் பட்டியலில் இருமுறை இருந்தது. கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. ஒன்றில் ஓகாரக் குறி ஒரே குறியாக இருந்தது. மற்றதில் ஏகாரக் குறியும் கால் குறியுமாக இரண்டு குறிகளைச் சேர்த்து எழுதியிருந்தது. ஒன்றைத் தேடினால் மற்றது கிடைக்காது. பைத்தானில் உள்ள 'யூனிகோடு-டேட்டா' கூறு இரண்டையும் ஒரே வடிவுக்குக் கொண்டுவரும். அந்தக் கூறு எந்த யூனிகோடு பதிப்பை அறியும் என்பது பைத்தானின் பதிப்பைப் பொறுத்தது: 3.8-க்கு யூனிகோடு 12.1, 3.12-க்கு 15.0. பழந்தமிழ்ப் பின்னக் குறியீடுகள் 2019-இல் யூனிகோடு 12.0-இல்தான் சேர்ந்தன. எனவே, பழைய கணக்கேடுகளை ஆராயும் மாணவர்கள் 3.7-ஐயோ அதற்கு முந்தையதையோ வைத்துக்கொண்டிருந்தால், அந்த எழுத்துகளைப் பைத்தான் அடையாளம் காணாது.

மூன்றாவதே எனக்கு மிகவும் பிடித்தது. அகர வரிசை. யூனிகோடில் எழுத்துகள் அமைந்த வரிசை வேறு, நம் நெடுங்கணக்கு வேறு. மருந்து, மலை, மழை, மறுநடவு என்பது நம் வரிசை. பைத்தானிடம் சும்மா வரிசைப்படுத்தச் சொன்னால், அங்கே றகரம் ரகரத்தை அடுத்து நிற்பதால், மறுநடவு மருந்துக்கு அடுத்து வந்து உட்காரும். புள்ளியும் அப்படித்தான். அகராதியில் டகர மெய் முந்தி வருவதால் 'கட்டிப்பால்' முதலில், 'கடை' பிறகு. யூனிகோடில் புள்ளி ஐகாரக் குறிக்குப் பின்னால் இருப்பதால் இது தலைகீழாகும். பதிப்பு எத்தனை உயர்ந்தாலும் இது தானாகத் திருந்தாது. எழுத்தெழுத்தாகப் பிரித்து நம் வரிசைப்படி ஒப்பிடும் நிரலை நாம்தான் எழுத வேண்டும். அந்த மாணவர் எழுதியிருந்த திருத்தமே அதுதான். 'மேட்ச்' கூற்று அதற்குள்தான் இருந்தது. புதிய பதிப்பில் அதை ஓட்டியபோது மறுநடவு மழைக்குப் பின்னால் போய் நின்றது.

பின்னர் நடந்தது

2025 மே மாதத்தோடு உபுந்து 20.04-க்கான இயல்பான ஆதரவு முடிந்தது. இயங்குதளமே காலாவதியாகும்போது அதன்மேல் பைத்தானை மட்டும் புதுப்பித்துக்கொண்டிருப்பது, இடிக்கப் போகும் லயத்துக்குச் சுண்ணாம்பு அடிப்பது போன்றது. எனவே, அதற்கு முன்பே 24.04 உள்ள புதிய வழங்கிக்குக் குடிபோனோம். அங்கே இயங்குதளத்தோடு வருவதே பைத்தான் 3.12. நாங்கள் பாடுபட்டுத் தொகுத்ததற்கு வேலையில்லாமல் போயிற்று. இடம்பெயர்ப்பை அந்த மாணவரே தனியாக, ஒரு பிற்பகலில் முடித்தார். நான் வேலையிடத்தில் இருந்தேன். மாலையில் அவரிடமிருந்து செய்தி வந்தது: "முடிஞ்சிருச்சுண்ணே. நகலைத் திறந்து பார்த்துட்டேன். பெரியம்மா சொல் எல்லாம் இருக்கு. காண்டா வாளிக்குப் படம் இல்ல, உங்க வீட்ல இருக்கா?"

அப்பாவிடம் கேட்டேன். வாளி இல்லை, காண்டாக் கம்பு மட்டும் புந்தோங் வீட்டின் பின்கட்டில், துணி காயப்போடும் கொடியைத் தாங்கிக்கொண்டிருக்கிறது. படம் எடுத்து அனுப்பினேன்.